நாய்க்குச் சொறி: எந்த அறிகுறிக்கு என்ன செய்வது

சொறி பிடித்த நாயைப் பார்த்ததும் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் பூசு என்பார் ஒருவர். மெக்கானிக் ஷாப்பில் பழைய ஆயில் வாங்கி ஊற்று என்பார் இன்னொருவர். ஒரே ஊசியில் சரியாகிவிடும் என்று மூன்றாவது ஆள் மருந்தின் பெயரையே எழுதிக் கொடுப்பார். இதில் எதற்குக் கை நீட்டுவதாக இருந்தாலும் அதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தெரிய வேண்டும். நாய் சொறிந்துகொண்டே இருக்கிறதா, அல்லது சொறியாமல் முடி மட்டும் கொட்டுகிறதா?

நாய்க்குச் சொறி உண்டாக்குபவை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இரண்டு விதச் சிற்றுண்ணிகள். சார்காப்டிஸ் தோலின் மேலடுக்குக்குள் சுரங்கம் தோண்டி அதற்குள்ளேயே முட்டை வைக்கும். அரிப்பு தாங்க முடியாது. பக்கத்து நாய்க்கு ஒட்டும், வீட்டு மனிதரையும் கொஞ்ச நாள் படுத்தும். டெமோடெக்ஸ் மயிர்க்கால்களுக்குள் குடியிருக்கும். ஏறக்குறைய எல்லா நாய் உடம்பிலும் இது கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. பிறந்த முதல் சில நாட்களில் தாயோடு ஒட்டிப் படுத்துப் பால் குடிக்கும்போதே குட்டிக்கு வந்துவிடும். எதிர்ப்பு சக்தி குறைந்த நேரத்தில்தான் பெருகி முடியைக் கொட்ட வைக்கும். வளர்ந்த நாய்கள் ஒன்றுக்கொன்று ஒட்டவைத்துக்கொள்வதில்லை, மனிதருக்கும் வராது. ஆக, முதல் வகைக்கு அதோடு பழகும் எல்லா நாய்களுக்கும் மருந்து கொடுத்தே ஆக வேண்டும். இரண்டாவதற்கு அந்த ஒரு நாயின் உடம்பில் என்ன குறை என்று தேட வேண்டும். வைத்தியம் அங்கேயே பிரிந்துவிடுகிறது.

டாக்டரிடம் போவதற்கு முன் நான்கு விஷயங்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: நாயின் வயது, எடை, எந்த இடத்தில் முதலில் தொடங்கியது, இதுவரை என்னென்ன தடவினீர்கள், கொடுத்தீர்கள். கடைசிக் கேள்விக்கு வெட்கப்படாமல் உண்மையைச் சொல்ல வேண்டும். பத்து நாள் முன்பு யாரோ போட்ட, எதிர்ப்பு சக்தியை அடக்கும் ஸ்டீராய்டு ஊசிதான் பல நேரம் முழுக் கதையையும் விளக்கும்.

அறிகுறி: ராப்பகலாகச் சொறிகிறது, காது ஓரம் பொருக்குப் பொருக்காக இருக்கிறது

இது சார்காப்டிஸாக இருக்க வாய்ப்பு அதிகம். முதலில் இடத்தைப் பாருங்கள். காது மடலின் ஓரம், முழங்கை, பின்னங்கால் கணு மூட்டு, அடிவயிறு, நெஞ்சு, இந்த இடங்களில்தான் தொடங்கும். முடி குறைவான தோல் இதற்குப் பிடித்தம். முதுகு பெரும்பாலும் கடைசிவரை தப்பித்திருக்கும். சின்னச் சின்னச் சிவப்புக் கொப்புளம், அதன் மேல் மஞ்சள் கலந்த சாம்பல் நிறப் பொருக்கு, சொறிந்து சொறிந்து ரத்தக்கீறல். சாப்பிடும்போதுகூட நடுவில் நிறுத்திவிட்டுச் சொறியும். ராத்திரி வீட்டில் யாரையும் தூங்க விடாது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். நாயை அமைதியாக உட்கார வைத்து, காது மடலின் நுனியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துக்கொள்ளுங்கள். மடலை மடித்து, அதன் ஓரம் காதின் அடிப்பக்கத்தோடு உரசும்படி லேசாகத் தேயுங்கள். ஐந்து விநாடி போதும். சார்காப்டிஸ் உள்ள நாய்களில் பெரும்பாலானவை அதே பக்கத்துப் பின்னங்காலைத் தூக்கிக் காற்றிலேயே சொறியத் தொடங்கிவிடும், தன்னால் அடக்க முடியாது. கால் அசைந்தால் நோய் உறுதி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் காது ஓரத்துப் பொருக்கும் இந்தக் கால் அசைவும் சேர்ந்து இருந்தால் சந்தேகம் மிகவும் வலுவாகிறது. சோதித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். கடிக்கும் சுபாவம் உள்ள நாயிடம் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

இன்றைக்கு இருக்கும் வைத்தியம் இருபது வருடத்துக்கு முன் இருந்ததைவிட எவ்வளவோ எளிது. உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் கொடுக்கிறோமே, அந்த மெல்லும் மாத்திரைகளே இதற்கும் நன்றாக வேலை செய்கின்றன. அஃபாக்ஸோலானர் உள்ள நெக்ஸ்கார்ட், சாரோலானர் உள்ள சிம்பரிக்கா இரண்டும் மாதம் ஒன்று. சொறிக்கு அடுத்தடுத்த மாதங்களில் குறைந்தது இரண்டு தடவை கொடுப்பார்கள். ஃப்ளூராலானர் உள்ள பிராவெக்டோ ஒன்று ஏறக்குறைய 12 வாரம் தாங்கும். பிடரியில் ஊற்றும் செலமெக்டின், மாக்ஸிடெக்டின் சொட்டு மருந்துகளும் உண்டு. இப்படி வசதி இருக்கும்போது வாரா வாரம் கடுமையான மருந்துத் தண்ணீரில் நாயை முக்கி எடுக்க வேண்டிய தேவை பெரும்பாலானவர்களுக்கு இல்லை. மாத்திரை எடைக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும், பெரிய மாத்திரையைப் பாதியாக உடைத்து இரண்டு நாய்க்குப் பங்கு போடக் கூடாது. இரண்டு கிலோவுக்குக் குறைந்த குட்டிக்கும் எட்டு வாரம் நிறையாத குட்டிக்கும் கொடுப்பதில்லை. முன்பு வலிப்பு வந்த நாய் என்றால் அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு மருந்து எழுதுவார்.

மருந்து உள்ளே போனதும் அரிப்பு நின்றுவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். அரிப்புக்குப் பெரிய காரணம் அந்தப் பூச்சியின் உடம்பும் கழிவும் தோலுக்குள் உண்டாக்கும் ஒவ்வாமை. பூச்சி செத்த பிறகும் அந்தக் குப்பை தோலுக்குள் கொஞ்ச நாள் கிடக்கும். முதல் சில நாள் அரிப்பு கூடினாலும் கூடலாம். இரண்டு வாரத்தில் குறையத் தொடங்கும், நாலு முதல் ஆறு வாரத்தில் தோல் தெளியும்.

அறிகுறி: வீட்டில் எங்களுக்கும் அரிக்கிறது

நாயைத் தூக்கிக் கொஞ்சும் கை, அணைக்கும் வயிறு, தொடை, இடுப்பு, இந்த இடங்களில் சின்னச் சிவப்புப் புள்ளிகள் வந்து ராத்திரியில் அரித்தால் அது நாயின் சார்காப்டிஸ்தான் என்பதற்கு இன்னொரு சாட்சி. இதை டாக்டரிடம் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள், அவருக்கு இது பெரிய துப்பு. நாயின் பூச்சி மனிதத் தோலில் இனப்பெருக்கம் செய்து குடும்பம் நடத்தாது. நாய்க்கு வைத்தியம் தொடங்கினால் நமக்கு இரண்டு மூன்று வாரத்தில் தானாக அடங்கிவிடும். அடங்காவிட்டால், அல்லது விரல் இடுக்குகளில் அரிப்பு இருந்தால், தோல் டாக்டரைப் பாருங்கள். மனிதருக்கென்றே தனியாக ஒரு சிரங்குப் பூச்சி இருக்கிறது, அதற்கு வீட்டில் எல்லாரும் மருந்து போட வேண்டும். அந்தப் பழியைச் சும்மா நாயின் மேல் போட்டுவிடக் கூடாது.

நாய் படுக்கும் சாக்கைத் தூக்கி எறிந்துவிடுங்கள். போர்வை, துண்டு எல்லாவற்றையும் கொதிக்கும் தண்ணீரில் அலசி வெயிலில் போடுங்கள். கழுத்துப் பட்டை, சீப்பு இரண்டையும் மறக்க வேண்டாம். நாயின் உடம்பை விட்டு வெளியே வந்த பூச்சி நம் வெயிலில் சில நாளைக்கு மேல் தாங்காது. ஈரமும் குளிர்ச்சியும் உள்ள இடத்தில் கூடுதல் நாள் இருக்கும் என்பதால் மழைக்காலத்தில் இதில் இன்னும் கவனம் வேண்டும்.

அறிகுறி: சுரண்டிப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை என்றார்கள்

ஸ்கின் ஸ்கிரேப்பிங் என்பது பிளேடின் மழுங்கிய பக்கத்தில் எண்ணெய் தொட்டுத் தோலைச் சுரண்டி, வருவதைக் கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. டெமோடெக்ஸுக்கு இது நம்பகமான சோதனை. தோலை விரலால் பிதுக்கிவிட்டு, லேசாக ரத்தம் கசியும்வரை சுரண்டினால், சுருட்டு வடிவத்தில் எட்டு குட்டைக் கால்களோடு அது கூட்டமாகத் தெரியும். பார்க்கக் கஷ்டமாக இருந்தாலும் அந்த ரத்தக் கசிவு வரை போக வேண்டும். பூச்சி மயிர்க்காலின் ஆழத்தில் இருக்கிறது. பாதம், கண் ஓரம் போன்ற சுரண்ட முடியாத இடங்களில் சில முடிகளைப் பிடுங்கி வேரைப் பார்ப்பார்கள்.

சார்காப்டிஸ் விஷயம் வேறு. உடம்பெங்கும் அரித்துக்கொண்டிருக்கும் நாயின் தோலில்கூட மொத்தப் பூச்சிகள் கொஞ்சம்தான் இருக்கும். பல இடங்களில் சுரண்டியும் ஒன்றும் சிக்காமல் போவது சகஜம். பாதிக்கும் மேற்பட்ட நாய்களில் அப்படித்தான் ஆகிறது. எனவே ரிசல்ட்டில் இல்லை என்று வந்தாலும், இடமும் அரிப்பும் பொருந்தி வந்தால் நல்ல டாக்டர் மருந்தைக் கொடுத்துப் பார்ப்பார். நாய் தேறினால் அதுவே விடை. இப்படிச் செய்வது சரியான முறைதான், குருட்டு வைத்தியம் என்று நினைத்து டாக்டரை மாற்ற வேண்டாம். எங்கேயும் சுரண்டிப் பார்க்கவே இல்லை, தொட்டும் பார்க்காமல் மருந்து எழுதுகிறார் என்றால் அப்போது இன்னொருவரிடம் போகலாம். சென்னையில் வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் இந்தச் சோதனைக்கு வசதி உண்டு. செலவும் தனியார் கிளினிக்கோடு ஒப்பிட்டால் குறைவு.

அறிகுறி: குட்டியின் முகத்தில் திட்டுத் திட்டாக முடி இல்லை, ஆனால் சொறியவில்லை

மூன்று மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் உள்ள குட்டி, கண்ணைச் சுற்றிக் கண்ணாடி போட்டது போல முடி இல்லை, உதட்டோரம், முன்னங்கால் என்று நாணய அளவில் இரண்டு மூன்று திட்டு, தோல் லேசாகச் சிவந்து அல்லது கருத்துச் செதில் உதிர்கிறது, குட்டி நன்றாகச் சாப்பிட்டு விளையாடுகிறது என்றால் டெமோடெக்ஸை நினையுங்கள். திட்டு நான்கைந்துக்குள் இருந்தால் பதற்றமே வேண்டாம். பத்துக்கு ஒன்பது குட்டிகளுக்கு ஒன்றிரண்டு மாதத்தில் எதிர்ப்பு சக்தி தேறி, தானாகவே முடி முளைத்துவிடும். வயிற்றுப் புழுவுக்கு மருந்து ஒழுங்காகக் கொடுத்து, முட்டையும் கறியும் சேர்ந்த நல்ல சாப்பாடு போட்டு, தடுப்பூசி விடாமல் பார்த்துக்கொண்டால் போதும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே வெளிச்சத்தில் அதே இடத்தைப் போட்டோ எடுங்கள். தினம் பார்க்கும் கண்ணுக்குப் பரவுவதும் தெரியாது, ஆறுவதும் தெரியாது.

இந்தக் கட்டத்தில்தான் பக்கத்து வீட்டுக்காரர் "உப்பு போட்ட சாப்பாடு கொடுக்கிறீங்க, அதான் முடி கொட்டுது" என்பார். சொறிக்கும் உப்புக்கும் சம்பந்தமில்லை. கறி கொடுத்ததால் உடம்பு சூடாகிச் சொறி வந்தது என்பதும் அப்படித்தான். அதை நம்பிக் குட்டிக்கு வெறும் பால்சோறு மட்டும் போட ஆரம்பித்தால், தேறியிருக்க வேண்டிய குட்டி புரதம் இல்லாமல் நோஞ்சானாகி, நாலு திட்டு நாற்பதாகும். பால்சோறு போடுகிறவர்கள் அன்பாகத்தான் போடுகிறார்கள். ஒரு முட்டையையும் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் படர்தாமரைக்கும் அரிப்புக்கும் சேர்த்து ஒரு டியூப் எடுத்துக் கொடுப்பார்கள். அதில் பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்திருக்கும். டெமோடெக்ஸ் உள்ள தோலில் ஸ்டீராய்டு படவே கூடாது. இரண்டு நாள் சிவப்பு குறைந்து பார்க்க நன்றாக இருக்கும், அந்த நேரத்தில் உள்ளே எதிர்ப்பு அடங்கிப்போய்ப் பூச்சி தடையில்லாமல் பெருகும்.

அறிகுறி: உடம்பு முழுக்கப் பரவிவிட்டது, சீழ், நாற்றம், பாதம் வீங்கியிருக்கிறது

இப்போது காத்திருக்கக் கூடாது. திட்டுகள் ஐந்தைத் தாண்டினாலோ, இரண்டு பாதங்களில் இறங்கினாலோ அது பரவிய டெமோடெக்ஸ். மயிர்க்கால்கள் வெடித்து உள்ளே பாக்டீரியா புகுந்துவிடும். அப்போதுதான் இதுவரை இல்லாத அரிப்பும் வலியும் வரும். தாடைக்குக் கீழேயும் முழங்கால் பின்புறமும் நெறி கட்டியிருக்கும். காய்ச்சல் வந்து நாய் சாப்பாட்டை ஒதுக்கினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இங்கே வைத்தியம் இரட்டையாக நடக்கும். சீழுக்கு ஆன்டிபயாட்டிக், பல வாரம். பூச்சிக்கு மேலே சொன்ன மெல்லும் மாத்திரைகளில் ஒன்று. கூடவே குளோர்ஹெக்ஸிடின் அல்லது பென்ஸாயில் பெராக்ஸைடு ஷாம்பூ வாரம் ஒருமுறையோ இருமுறையோ. ஷாம்பூ போட்டவுடன் அலசிவிட்டால் பலன் இல்லை. நுரையோடு பத்து நிமிடம் ஊற விட வேண்டும். அந்தப் பத்து நிமிடம் நாயைப் பிடித்து வைத்திருப்பதற்குள் நமக்கும் குளியல் ஆகிவிடும், ஆனாலும் அந்த நேரம்தான் மருந்தின் நேரம். சடை நாய் என்றால் முடியைக் கட்டையாக வெட்டிவிட்டால் ஷாம்பூ தோலுக்குப் போய்ச் சேரும். வெள்ளைத் தோல் ராஜபாளையம் போன்ற நாய்களை முடி முளைக்கும்வரை உச்சி வெயிலில் கட்டிப் போடாதீர்கள்.

பெண் நாய்க்குப் பருவ காலத்தில் இது திரும்பித் தலைகாட்டும். இந்த நோய்க்கான சாய்வு வம்சத்திலும் வருவதால், குட்டியாக இருக்கும்போது உடம்பெங்கும் டெமோடெக்ஸ் பரவிய நாயைக் குட்டி போட விடக் கூடாது, ஆணானாலும் பெண்ணானாலும். குணமான பிறகு கருத்தடை செய்துவிடுவதே அந்த நாய்க்கும் பிறக்கப்போகும் குட்டிகளுக்கும் நல்லது.

அறிகுறி: இத்தனை வருடம் இல்லாமல் வயதான நாய்க்கு முதல் தடவையாக வந்திருக்கிறது

நான்கு வயது தாண்டிய நாய்க்கு முதல்முறையாக டெமோடெக்ஸ் வந்தால், சொறியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். எதிர்ப்பு சக்தியை ஏதோ ஒன்று இழுத்துக் கீழே போட்டிருக்கிறது. நீண்ட நாள் ஸ்டீராய்டு, தைராய்டு குறைபாடு, அட்ரீனல் சுரப்பி அதிகமாகச் சுரக்கும் குஷிங் நோய், சர்க்கரை, புற்றுநோய் என்று பட்டியல் நீளும். நாய் வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறதா, வயிறு தொங்குகிறதா, எடை ஏறுகிறதா, மந்தமாகிவிட்டதா என்று கவனித்துச் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனைக்குச் சம்மதியுங்கள். அதைக் கண்டுபிடிக்காமல் சொறிக்கு எவ்வளவு மருந்து கொட்டினாலும் நிற்காது.

அறிகுறி: சொறி மாதிரி இருக்கிறது, ஆனால் இடம் பொருந்தவில்லை

வால் அடியிலும் இடுப்பிலும் மட்டும் கடித்துக் கடித்து முடி போயிருந்தால் தெள்ளுப்பூச்சி ஒவ்வாமை. அந்த இடத்து முடியை நெருக்கமான சீப்பால் வாரி, விழும் கறுப்புத் துகளை ஈரமான வெள்ளைத் துணியில் போடுங்கள். துகளைச் சுற்றிச் செம்பழுப்பாகச் சாயம் இறங்கினால் அது தெள்ளு குடித்துக் கழித்த ரத்தம்.

காதுக்குள் காப்பித்தூள் போலக் கறுப்பு அழுக்கு, தலையை உதறிக்கொண்டே இருக்கிறது என்றால் காதுப் பூச்சி. மேலே சொன்ன மருந்துகள் பலவும் அதையும் கொல்லும், காதை மட்டும் டாக்டர் சுத்தம் செய்ய வேண்டும். வட்டமாக, ஓரம் செதிலோடு முடி உடைந்திருந்தால் படர்தாமரை. அது குழந்தைகளுக்கு ஒட்டும், மருந்தே வேறு. தோல் தடித்துக் கருத்து, பிசுபிசுவென்று எண்ணெய் வழிந்து, புளித்த வாடை அடித்தால் ஈஸ்ட் பூஞ்சை. இது தனியாகவும் வரும், நாள்பட்ட சொறியின் மேலேயும் ஏறி உட்காரும்.

அறிகுறி: மருந்து கொடுத்தும் குறையவில்லை, அல்லது குணமாகித் திரும்ப வந்துவிட்டது

மருந்து சரியில்லை என்ற முடிவுக்குத்தான் எல்லாரும் முதலில் வருகிறார்கள். நான் பார்த்தவரை மருந்துக்கு வெளியேதான் காரணம் இருக்கிறது.

சார்காப்டிஸ் என்றால் முதலில் கேட்க வேண்டியது: வீட்டில் வேறு நாய் இருக்கிறதா? கேட்டுக்கு வெளியே ஒரு நாய் வந்து மூக்கோடு மூக்கு வைக்கிறதா? சொறியாத நாயும் பூச்சியைச் சுமந்துகொண்டிருக்கலாம். ஒட்டிய முதல் தடவை அரிப்பு தொடங்கவே பல வாரம் ஆகும். ஒரு நாய்க்கு மட்டும் மருந்து கொடுத்துவிட்டு மற்றதை விட்டால், இது குணமாகும் நேரத்தில் அது திருப்பிக் கொடுக்கும். எல்லா நாய்க்கும் ஒரே நாளில் மருந்து போக வேண்டும். அடுத்தது நாட்கணக்கு. முட்டையிலிருந்து பொரிந்து மறுபடி முட்டை வைக்கும் பூச்சியாவதற்கு ஏறக்குறைய மூன்று வாரம் ஆகிறது. ஒரே ஊசியோடு நிறுத்தினால், அன்றைக்கு முட்டைக்குள் இருந்தவை தப்பித்து வந்துவிடும்.

டெமோடெக்ஸில் கதை வேறு. முடி முளைத்ததும் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். வெளியே பளபளவென்று முடி வந்திருக்கும், மயிர்க்காலுக்குள் இன்னும் பூச்சி இருக்கும். மாதம் ஒருமுறை சுரண்டிப் பார்த்து, ஒரு மாத இடைவெளியில் அடுத்தடுத்து இரண்டு தடவை ஒன்றும் இல்லை என்று வந்த பிறகுதான் நிறுத்தலாம். மூன்று நான்கு மாதம் ஆகலாம், சில நாய்க்கு அதற்கு மேலும் ஆகும். முதல் நாளே இதற்கான செலவை டாக்டரிடம் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். நடுவில் காசில்லாமல் நிறுத்துவதைவிட, தொடக்கத்திலேயே கையில் அடங்கும் மருந்தாகத் தேர்ந்தெடுப்பது மேல்.

இரண்டும் இல்லையென்றால், சாப்பாட்டில் வைத்த மாத்திரையை நாய் துப்பிவிட்டதா, எடை கூடிய பிறகும் பழைய அளவே தொடர்கிறதா, மருந்துச் சீட்டில் ஸ்டீராய்டு ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: ஊசி போட்ட பிறகு, அல்லது மருந்துத் தண்ணீர் ஊற்றிய பிறகு நாய் தள்ளாடுகிறது

இது அவசரம். உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். மருந்துப் பாட்டிலையும் எடுத்துப் போங்கள்.

ஊசி என்றால் அது பெரும்பாலும் ஐவர்மெக்டின். உலகத்துக்குக் கிடைத்த அருமையான மருந்து அது. ஜப்பான் மண்ணிலிருந்து எடுத்த நுண்ணுயிரில் பிறந்தது. அந்தக் கண்டுபிடிப்புக்காக சதோஷி ஒமுராவுக்கும் வில்லியம் கேம்பெல்லுக்கும் 2015இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். ஆனால் கடையில் கிடைக்கும் 1 சதவீத ஊசி மருந்து மாட்டையும் ஆட்டையும் கணக்கில் வைத்துச் செய்தது. ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் இருக்கிறது. சொறிக்கு டாக்டர்கள் வழக்கமாகத் தொடங்குவது கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். அந்தக் கணக்கில் 10 கிலோ நாட்டு நாய்க்கு வெறும் 0.2 மில்லி. மூன்று கிலோ குட்டிக்கு 0.06 மில்லி, சிரிஞ்சில் ஒழுங்காக அளக்கவே முடியாது. கை தவறி அரை மில்லி போனால் குட்டிக்கு எட்டு மடங்கு. இந்தக் கணக்கைச் சொல்வது நீங்களே போட்டுக்கொள்ள அல்ல, வீட்டில் ஏன் போடக் கூடாது என்று தெரிவதற்காக. கோலி, ஷெட்லாண்ட் ஷீப்டாக், ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் வம்சங்களில் பல நாய்களுக்கும், ஜெர்மன் ஷெப்பர்டில் சிலவற்றுக்கும் இந்த மருந்து மூளைக்குள் போகாமல் தடுக்கும் அமைப்பில் பிறவிக் குறை உண்டு. அவற்றுக்குச் சொறிக்கான அளவே விஷம். கண் பாப்பா விரிந்து, எச்சில் வடிந்து, கால் பின்னி, பார்வை மங்கி, கடைசியில் மயக்கம். இதற்குத் தனி முறிமருந்து இல்லை. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றி, நாள் கணக்கில் தாங்கிப் பிடித்துத்தான் காப்பாற்ற வேண்டும்.

மருந்துத் தண்ணீர் என்றால் அது பெரும்பாலும் அமிட்ராஸ். 12.5 சதவீத மருந்தை லிட்டருக்கு 2 மில்லி கலந்தால் 250 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 250 பங்கு, நாய்க்கு வழக்கமான அளவு. ஒரு மூடி இரண்டு மூடி என்று குத்துமதிப்பாக ஊற்றும்போதுதான் ஆபத்து. ஊற்றிய அன்று கொஞ்சம் தூக்கக் கலக்கம் வருவது உண்டு. எழுப்ப முடியாத தூக்கம், உடம்பு ஜில்லிடுவது, வாந்தி என்றால் அளவு மீறியிருக்கிறது. இதற்கு முறிமருந்து உண்டு, டாக்டரிடம் சொன்னால் கொடுப்பார். போகும் முன் நாயை நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். அமிட்ராஸ் கலக்கும்போது கையுறை வேண்டும், காற்றோட்டமான இடம் வேண்டும், வீட்டில் சர்க்கரை நோயாளிகள் அதைத் தொடக் கூடாது. கலந்து மீந்ததை அடுத்த முறைக்கு எடுத்து வைக்கக் கூடாது. பூனையோடு சேர்ந்து வாழும் நாய்க்கு எந்த மருந்து போட்டாலும் பூனை இருக்கிறது என்று முன்னமே சொல்லுங்கள். நாய்க்கான பெர்மெத்ரின் மருந்து பூனையைக் கொன்றுவிடும்.

அறிகுறி: யாரோ பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றிவிட்டார்கள்

இன்னமும் நடக்கிறது. ஆயில் பூச்சியை மூச்சு முட்ட வைத்துக் கொன்றுவிடும் என்ற நம்பிக்கை. பூச்சி சாகிறதோ இல்லையோ, நாய் அதை நக்கும். பயன்படுத்திய ஆயிலில் ஈயம் போன்ற உலோகங்களும் பெட்ரோலியக் கழிவும் இருக்கின்றன. நக்கும்போது நுரையீரலுக்குள் போனால் நிமோனியா, புண்ணில் பட்டால் எரிச்சல், வெயில் பட்டால் கொதிப்பு. மண்ணெண்ணெய், ஃபினைல் இரண்டும் இதே கணக்கு.

உடனே செய்ய வேண்டியது: நாய் நக்காமல் கழுத்தில் கூம்பு மாட்டுங்கள், இல்லையென்றால் ஒருவர் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டியாக ஒட்டியிருந்தால் முதலில் சமையல் எண்ணெய் தேய்த்து இளக்கி, துணியால் வழித்தெடுங்கள். பிறகு பாத்திரம் தேய்க்கும் லிக்விட் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மூன்று தடவை கழுவுங்கள். பெட்ரோல், தின்னர் போட்டுத் துடைக்காதீர்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வாந்தி வழியாகத்தான் ஆயில் நுரையீரலுக்குப் போகும். இருமல், மூச்சு வாங்குவது தெரிந்தால் டாக்டரிடம் ஓடுங்கள்.

வேப்பெண்ணெய் இந்த வரிசையில் சேராது. நீர்க்கக் கலந்து தடவினால் வறண்ட தோலுக்கு இதமாக இருக்கும். ஆனால் தோலுக்குள் சுரங்கம் போட்டிருக்கும் பூச்சியை அதை மட்டும் நம்பி விரட்ட முடியாது. இரண்டு மாதம் அதிலேயே ஓட்டினால் அந்த இரண்டு மாதமும் நாய்தான் சொறிந்துகொண்டிருக்கும்.

அறிகுறி: தெரு நாய், தொட விடவில்லை

முடியே இல்லாமல், யானைத் தோலாகி, எல்லாரும் கல்லெறிந்து விரட்டும் நாய்தான் பெரும்பாலும் இப்படி ஒதுங்கி நிற்கும். அதைப் பிடிக்கத் தேவையில்லை. நாலைந்து நாள் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் சாப்பாடு வைத்துப் பழக்குங்கள். நாயின் போட்டோவும் வீடியோவும் எடுத்துப் பக்கத்து மாட்டாஸ்பத்திரி டாக்டரிடமோ கிளினிக்கிலோ காட்டி, எடையை அவரையே கணிக்கச் சொல்லுங்கள். சினையாக இருக்கிறதா, பால் கொடுக்கிறதா என்பதையும் சொல்லுங்கள். திரும்பத் திரும்பக் கொடுக்க முடியாத நாய்க்கு 12 வாரம் தாங்கும் மாத்திரைதான் நல்லது. விலை கூடுதல்தான், ஆனால் ஒரு தடவை உள்ளே போனால் போதும், சார்காப்டிஸானாலும் டெமோடெக்ஸானாலும் கேட்கும். அதை வெறும் வயிற்றில் கொடுப்பதைவிடச் சாப்பாட்டோடு கொடுத்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். முதலில் மருந்தில்லாத கோழித்துண்டு ஒன்று, அதை விழுங்கும்போதே மாத்திரை வைத்த துண்டு, உடனே மூன்றாவது துண்டு. மூன்றாவதைப் பார்த்த அவசரத்தில் இரண்டாவதை மெல்லாமல் விழுங்கிவிடும். வேறு நாய் வந்து பறிக்காமல் ஒருவர் மறுபக்கம் நின்று மற்ற நாய்களுக்குச் சாப்பாடு வையுங்கள். விழுங்கிவிட்டதா என்று தரையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கூட்டத்தில் மற்ற நாய்களும் சொறிந்துகொண்டிருந்தால் அவற்றுக்கும் அதே நாளில் கொடுக்க வேண்டும். நாலு வீட்டார் சேர்ந்தால் செலவு தாங்கும். மருந்து கொடுத்த தேதியோடு நாயின் போட்டோவைத் தெரு வாட்ஸாப் குழுவில் போட்டு வையுங்கள், இன்னொருவர் அதே வாரம் திரும்பவும் கொடுத்துவிடாமல் இருக்கும். கருத்தடைக்கும் ரேபிஸ் தடுப்பூசிக்கும் மாநகராட்சி ஆட்கள் வரும்போது அதே குறிப்பு அவர்களுக்கும் உதவும். புண் உள்ள நாய் வலியில் இருக்கும், தொடப் போனால் கடிக்கும். கடித்தாலோ கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரியில் ரேபிஸ் ஊசியைத் தொடங்கிவிடுங்கள்.